டிசம்பர் கடைசி வாரம்

அரையாண்டுப் பரீட்சை விடுமுறைக்குக் கடலோரமாகவே காரில் போய்வருவதென்று, வேலப்பன்சாவடி வீட்டுக் கூடத்தில் வரைபடத்தை விரித்தேன். மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், கடைசியில் தனுஷ்கோடி. வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. எனக்கோ அப்போதே கடல் காற்று வீசியது.

பதினாலு வயதுப் பையனுக்கு எங்கே போனாலும் சம்மதம், கைபேசியில் சார்ஜ் இருந்தால். பதினாறு வயதுப் பெண்தான் தேதியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, இதே வாரத்திலதானே அங்க எல்லாரும் செத்தாங்க?"

வாஸ்தவம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அதிலிருந்தவர்களும் கடலோடு போனார்கள். நாகப்பட்டினத்தில் சுனாமி புகுந்தது 2004 டிசம்பர் 26.

"அங்கே மீன் பொரித்து விற்கிறவர்களுக்கு நாலு பேர் போனால்தானே பிழைப்பு?" என்றேன். அரிச்சல்முனை வரை சாலை திறந்த 2017-க்குப் பிறகு கூட்டத்துக்குக் குறைவில்லை. பதில் சரிதான். ஆனால் அந்த ஊரை நான் குறித்தது அவர்கள் பிழைப்பை எண்ணியா? இடிந்த மாதா கோயில் சுவருக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளத்தான்.

அதற்காகப் போகாமலே இருந்துவிடுவது மரியாதை ஆகுமா? அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்த பிள்ளை, பாடப் புத்தகத்தில் ஒரு வரி படித்த பிள்ளையைவிட அதிகம் அறியும் என்று தோன்றியது. அதுவும் எனக்குச் சௌகரியமான நியாயமோ என்று பட்டதால் வாயைத் திறக்கவில்லை. பேனாவை அவளிடமே நீட்டினேன்.

தனுஷ்கோடியை அவள் அடிக்கவில்லை. "அங்க மட்டும் போட்டோ வேணாம்பா" என்றாள்.

சம்மதித்தேன். பையன்தான் முறைத்தான்.