நரம்பின் மீது பழி போடலாமா?

"என்ன செய்வது, என் சுபாவம் அப்படி! கோபம் வந்துவிட்டால் நான் நானாக இருப்பதில்லை." மனைவியை வசைபாடியவரும் பிள்ளையைக் கண்மண் தெரியாமல் அடித்தவரும் பிறகு இப்படிச் சமாதானம் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். படித்தவராயிருந்தால், "எல்லாம் மூளையின் வேலை" என்பார். ஒவ்வொரு செயலுக்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிற நாம், இந்தச் சமாதானம் அங்கே செல்லுமா என்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13 அன்று, ரயில் பாதைக்காகப் பாறையைத் தகர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெடிமருந்து எதிர்பாராமல் வெடித்தது. அதைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி, மேஸ்திரி பினியாஸ் கேஜின் இடக் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. கம்பியின் எடை சுமார் ஆறு கிலோ; அவருக்கு வயது 25. ஆச்சரியமாக அவர் பிழைத்தார். பேச்சும் நினைவும் இருந்தன, குணம்தான் மாறிப்போயிற்று. நிதானத்துக்குப் பேர்போனவர் பொறுமையற்றவராகவும் தகாத வார்த்தை பேசுபவராகவும் ஆனார் என்று சிகிச்சை செய்த டாக்டர் ஹார்லோ 1868இல் எழுதினார். அடக்கம் என்ற குணத்துக்கும் மூளையின் முன்பகுதிக்கும் உள்ள தொடர்பு இப்படித் தெரிய வந்தது.

கோபத்தின் கதையும் அதுதான். மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்றோர் உறுப்பு உண்டு. அவமானமோ ஆபத்தோ தென்பட்டால், நாம் யோசித்து முடிக்குமுன் அது அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை இறுகுகிறது. முன்மூளை கடிவாளம் போடச் சிறிது நேரம் பிடிக்கும்.

அப்படியானால் மனிதன் நிரபராதியா?

மனிதனுக்குச் சுயவிருப்பமே இல்லை, காற்றில் பறக்கும் இறகு போன்றவன் அவன் என்று வாதித்த ஜபரிய்யாக்கள் முற்காலத்தில் இருந்தார்கள். மார்க்க அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அன்று விதியின் மீது போட்ட பழியை இன்று நரம்பின் மீது போடுகிறோம், வாதம் பழையதுதான்.

அதே சமயம், ஷரீஅத் உடலின் நிலையைக் காணாமலும் இல்லை. உறங்குபவர், சிறுபிள்ளை, புத்தி பேதலித்தவர் ஆகிய மூவர் மீதும் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி. கோபத்தில் சொன்ன தலாக்கைப் பற்றி எழுதிய இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் கோபத்தையே மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: அறிவு தெளிவாயிருக்கும் தொடக்கநிலை, சொல்வது இன்னதென்றே தெரியாத உச்சநிலை, இரண்டுக்கும் நடுநிலை. ஆகவே மறதி நோயால் ஏசும் முதியவரையும் மனநோயாளியையும் குற்றவாளியாக நடத்துவது அநீதி. அவர்களுக்குத் தேவை வைத்தியமும் பரிவும்.

நம் கோபமோ பெரும்பாலும் முதல் படியில்தான் நிற்கிறது. மேலதிகாரி திட்டும்போது வாய்மூடி நிற்கும் அதே நரம்புகள்தானே வீட்டு வாசற்படி தாண்டியதும் கட்டவிழ்ந்துபோகின்றன!

கோபத்திலிருக்கும் நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நேர்மையானவரின் அறிவையும் கோபம் புரட்டிவிடும் என்பதை இந்தத் தடை ஒப்புக்கொள்கிறது. ஆனால் தவறான தீர்ப்புக்கு அதைச் சாக்காக்கவில்லை. தீர்ப்பையே தள்ளிப்போடச் சொல்கிறது. நின்றால் உட்கார், தணியாவிட்டால் படுத்துக்கொள் என்ற போதனையும் இத்தகையதே. முன்மூளைக்கு வேண்டிய அவகாசத்தை உடலைக் கொண்டே பெறும் வழி அது.

தகப்பனும் தன் வீட்டில் ஒரு நீதிபதிதான். எழும் கோபம் நம் வசத்தில் இல்லாமலிருக்கலாம். ஓங்கிய கையை இறக்குவதும், நாவைக் கட்டுவதும், இடத்தை விட்டு நகர்வதும் நம் வசத்திலேயே உள்ளன. நரம்பின் இயல்பை அறிந்தவனுக்குப் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. வெள்ளம் வரும் என்று தெரிந்தும் கரை கட்டாதவன் ஆற்றைக் குறை சொல்ல முடியுமா?

பேசுமுன் நிதானிக்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.