‘எங்கள்’ என்னும் சொல்லின் எல்லை

கேட்பதற்கு முன்பே மனிதரின் தேவையைக் கடவுள் அறிந்திருக்கிறார் என்று சொல்லும் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம், அதைத் தொடர்ந்தே கேட்கவேண்டிய செபத்தையும் கற்றுத்தருகிறது. அறிந்தவரிடம் மீண்டும் எதற்காகச் சொல்லவேண்டும் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது. புனித அகுஸ்தீனார் 412-ஆம் ஆண்டளவில் புரோபா என்னும் கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், செபம் கடவுளுக்குச் செய்தி தெரிவிப்பதற்கன்று, அவர் தர விரும்புவதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு மனிதரின் ஏக்கத்தை விரிவாக்குவதற்கே என்று விளக்கினார்.

இவ்விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு, துதியும் தியானமுமே உயர்ந்த செபம், உலகப்பொருளை வேண்டும் மன்றாட்டு தாழ்ந்தது என்று தரம் பிரிப்பவர்கள் உண்டு. வடசென்னைக் கரையில் நின்று பார்த்தால் இந்தத் தரப்பிரிவு நியாயமாகப் படவில்லை. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, உடையும் அலைகளினூடே கரைசேர்த்த படகோட்டிச் சமூகத்தார், 1829-இல் இராயபுரத்தில் எழுப்பிய கோவிலை இராயப்பருக்கே, அதாவது மீனவராயிருந்த பேதுருவுக்கே, அர்ப்பணித்தார்கள். அலையை நம்பிப் பிழைப்பவர் உயிரோடு கரைசேரவேண்டும் என்று கேட்பதில் என்ன தாழ்வு இருக்கிறது? இயேசு கற்பித்த செபமே அன்றாட உணவைக் கேட்கிறது.

குற்றம் கேட்பதில் இல்லை, கேட்டதற்குக் கட்டுப்பட மறுப்பதில்தான் இருக்கிறது. அதே கரையிலுள்ள திருவொற்றியூர் இதைச் சைவ மரபின் வழியாகவும் அறியும். தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று கோவிலுக்குள் சூளுரைக்கும் நேரத்தில் இறைவன் சன்னதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடவேண்டும் என்று சிவனடியாரான சுந்தரர் வேண்டிக்கொண்டதையும், இறைவனே அதைச் சங்கிலியார் தரப்புக்குக் கனவில் உணர்த்தியதால் மரத்தடியிலேயே சூளுரைக்க நேர்ந்ததையும், சொல் தவறி ஊரெல்லையைக் கடந்தபோது அவர் பார்வை இழந்ததையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. கடமையிலிருந்து நழுவுவதற்கு வேண்டுதலைக் கருவியாக்க முடியாது என்பதில் இரு சமயங்களும் ஒரே திசையில் நிற்கின்றன.

கிறிஸ்தவச் செபத்தில் அந்தக் கட்டுப்பாட்டைச் சுமப்பது ‘எங்கள்’ என்ற ஒற்றைச் சொல். செவிமடுப்பவரையும் உள்ளடக்க ‘நம்’, விலக்க ‘எங்கள்’ என்று தமிழ் வேறுபடுத்துகிறது. கடவுளை நோக்கி ‘எங்கள் உணவு’ என்னும்போது வெளியே நிற்பவர் கடவுள் ஒருவரே. மற்ற மனிதர் எவரையும் அச்சொல்லிலிருந்து தள்ளிவைக்க இடமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அதே வடசென்னைக் கரையிலுள்ள எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோது, படகின் பக்கங்களில் தார்போல் அப்பிய கறுப்பை மீனவர்களே குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். இறாலும் நண்டும் தந்த ஆறு அவர்களுடைய அன்றாட உணவை நிறுத்திவிட்டது. அண்ணன் ஒப்பந்தக் கூலியாக ஆலைக்கும் தம்பி வலையோடு ஆற்றுக்கும் போகும் வீடுகள் இந்தப் பகுதிக்குப் புதியவையல்ல. இருவரும் சேர்ந்து ‘எங்கள் உணவு’ என்று கேட்கும்போது, ஒருவரின் கூலியும் மற்றவரின் இழப்பும் ஒரே மன்றாட்டுக்குள் வந்துவிடுகின்றன. கசிவைக் கண்ட கூலியாள் வாய் திறந்தால் வேலை போகலாம் என்பதால் அவர்மேல் மட்டும் பழியைச் சுமத்துவது கொடுமை. அதே செபத்தைச் சொல்லிவிட்டு, பழுதான குழாயை மாற்றும் செலவைத் தள்ளிவைத்துக் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரின் கடனே பெரிது.

உணவுக்கு அடுத்தபடியாக அந்தச் செபம் மன்னிப்பைக் கேட்கிறது. எண்ணெய் படிந்த வலையைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்பவரின் வாயில் அவ்வரியைப் பிறர் கொண்டுபோய் வைப்பது முறையாகாது. இழப்பை உண்டாக்கியவர் அதை ஈடுசெய்தபடியே முதலில் சொல்லவேண்டிய வரி அது.