திருவுளச்சீட்டும் ஆறாத புண்ணும்

மனிதர்களால் முடிவெடுக்க முடியாமல் போகும்போது கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சன்னதி முன் போடுவார்கள். விவரம் அறியாத குழந்தையைக் கூப்பிட்டு, "ஒண்ணு எடு கண்ணு" என்பார்கள். அது எடுத்துக் கொடுத்ததைப் பிரிக்கும்வரை குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூவுக்குப் பதில் சீட்டில் எழுதிப் போட்டால் அதற்குத் திருவுளச்சீட்டு என்று பெயர். குழந்தையின் கையை நடத்துவது தற்செயல் இல்லை, மேலே உள்ளவன் சித்தம் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

2013 அக்டோபர் முதல் 2016 செப்டம்பர் வரை பிரிட்டனில் 20 மருத்துவமனைகளில் 450 பேருக்கு இப்படிச் சீட்டு விழுந்தது. எடுத்தது கணினி. அவர்கள் அத்தனை பேருக்கும் காலில் ஆறு வாரத்துக்கும் மேலாக ஆறாத புண். யாருக்கு உடனே சிகிச்சை, யாருக்குப் பிறகு என்பதை எந்த மருத்துவரும் தீர்மானிக்கவில்லை. 'ஈவ்ரா' என்று பெயர் பெற்ற ஆய்வு அது.

வலியோடு வந்து நிற்கிறவரின் சிகிச்சையைக் குலுக்கலிடம் விடலாமா? அறம் அதை ஒப்புமா?

கேள்வியின் கனம் தெரிய, நோயைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்கும் மனிதனின் பாதத்துச் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 90 மி.மீ. பாதரசம். இதயம் முதல் பாதம் வரை நிற்கும் ரத்தத்தின் எடை அது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளும். சிரைக்குள் இருக்கும் மெல்லிய வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடாது. அழுத்தம் 30க்குப் பக்கத்தில் வந்துவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்காது. சிரை புடைத்துச் சுருளும். 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். ரத்தத்திலிருந்து கசிந்த இரும்புச்சத்து படிந்து தோல் கருக்கும், பிறகு இறுகும். ஒரு நாள் கணுக்காலின் உள்பக்கம் சின்னக் கீறல் விழும். அது ஆறாது.

ஆறாத புண்ணோடு வாழ்வது என்ன என்பதைக் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். முதலில் வெளிச்சுற்று வரும், பிறகு எலாஸ்டிக், பிறகு க்ரேப் துணி, கடைசியில் நீர் ஊறி மஞ்சளாகிப்போன பஞ்சு. அதுவரை அடங்கியிருந்த வாடை அறையெங்கும் எழும். அந்த வாடைக்குப் பயந்தே பேரப்பிள்ளையைப் பக்கத்தில் அழைக்காத பெரியவர்கள் உண்டு, கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டவர்கள் உண்டு. செவிலியர் கண்ணாடித்தாள் ஒன்றைப் புண்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைவார். போன முறை வரைந்ததோடு சேர்த்துப் பார்ப்பார். கோடு உள்ளே நகர்ந்திருக்கிறதா என்று நோயாளியும் எட்டிப் பார்ப்பார்.

ஈவ்ராவில் எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு பாதிப் பேருக்கு, சீட்டு விழுந்த இரண்டு வாரத்துக்குள், கெட்டுப்போன சிரையை லேசர், ரேடியோ அலைச் சூடு, நுரை மருந்து போன்ற வழிகளில் உள்ளிருந்தே அடைத்தார்கள். மறுபாதிக்கு அந்தச் சிகிச்சை புண் ஆறிய பிறகு, அல்லது ஆறு மாதம் ஆகியும் ஆறாவிட்டால். 2018இல் முடிவு வெளிவந்தது. புண் ஆறப் பிடித்த இடைநிலைக் காலம் முதல் குழுவில் 56 நாள், காத்திருந்தவர்களுக்கு 82 நாள்.

இடையில் 26 நாள். அத்தனை நாள் கூடுதலான கட்டும் வாடையும் தூக்கமில்லாத இரவும் சீட்டு மாறி விழுந்ததால் வந்தவை. இதை யார் கணக்கில் எழுதுவது?

சீட்டுப் போடுவது பற்றிய வழக்கு மதத்துக்குள்ளேதான் முதலில் நடந்தது. கிறிஸ்துவின் சீடர் பன்னிருவரில் காலியான இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டே தேர்ந்தார்கள். சீட்டு கடவுளின் நேரடித் தீர்ப்பு என்பதால் அற்ப விஷயத்துக்கு அதை இழுப்பது தெய்வக்குற்றம் என்று இங்கிலாந்தின் ப்யூரிட்டன் போதகர்கள் பலர் கண்டித்தார்கள். லண்டனை ஒட்டிய ராதர்ஹைத் பங்கின் போதகர் தாமஸ் கேட்டக்கர் 1619இல் ஒரு புத்தகமே எழுதி அதை மறுத்தார். மற்ற எல்லாவற்றையும் கடவுள் நடத்துவதுபோலத்தான் சீட்டையும் நடத்துகிறார், அதில் தனிச் செய்தி எதுவும் இல்லை என்றார். சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று அவரை ஏசினார்கள். அதே நூற்றாண்டில், 1648இல் அச்சான ஒரு நூலில், ஃப்ளாண்டர்ஸ் மருத்துவர் வான் ஹெல்மான்ட் சக மருத்துவர்களுக்குச் சவால் விட்டிருந்தார்: காய்ச்சல்காரர்கள் 200 பேரையோ 500 பேரையோ சீட்டுப் போட்டுப் பிரிப்போம், நீங்கள் ரத்தம் வடித்துப் பாருங்கள், நான் வடிக்காமல் பார்க்கிறேன், யார் பக்கம் சவ ஊர்வலம் அதிகம் என்று எண்ணுவோம். பந்தயம் 300 ஃப்ளோரின்.

அந்தச் சவாலில்தான் சீட்டின் வேலை மாறுகிறது. கடவுளின் மனத்தைக் கேட்க வந்த சீட்டு, மருத்துவரின் கைராசியைச் சோதிக்க வந்துவிடுகிறது. நல்ல நோயாளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு 'என்னால் ஆறியது' என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்படியானால் அறம்? 1987இல் மான்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தத்துவ அறிஞர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் ஓர் அளவுகோல் தந்தார். எந்தச் சிகிச்சை மேல் என்பதில் மருத்துவ உலகத்துக்குள்ளேயே நேர்மையான கருத்து வேற்றுமை இருக்கும்வரை குலுக்கலில் துரோகம் இல்லை. தனி மருத்துவர் ஒருவருக்கு ஒரு பக்கம் மனச்சாய்வு இருக்கலாம். அந்தச் சாய்வு அறிவாகிவிடாது.

ஈவ்ராவை இதில் வைத்துப் பார்க்கலாம். 2004இல் வெளியான 'எஸ்கார்' ஆய்வில் 500 பேர். கட்டு மட்டும் போட்டவர்களுக்கும், கட்டோடு சிரை அறுவையும் செய்தவர்களுக்கும் 24 வாரத்தில் புண் ஆறிய விகிதம் ஒன்றே: 65 சதவீதம். ஓராண்டில் புண் மறுபடி வந்தது மட்டும் 28 சதவீதத்திலிருந்து 12ஆகக் குறைந்தது. அறுவை திரும்ப வராமல் காக்கும், ஆற்றுவதை விரைவுபடுத்தாது என்றுதான் அன்றைய சான்று சொன்னது. ஆகவே 2013இல் 'தெரியாது' என்று சொன்ன மருத்துவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 26 நாளைக் கொடுமை என்று சொல்ல முடியாது. கொடை என்று சொல்லலாம்.

இன்னும் நெருடலானது போலிக் காலுறை. காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தவர்களை இரண்டு ஆண்டு இறுக்கமான காலுறை போடச் சொல்வது வழக்கமாக இருந்தது. பின்னால் வரும் வீக்கமும் வலியும் பாதியாகக் குறையும் என்று முந்தைய ஆய்வுகள் சொல்லியிருந்தன. அவற்றில் ஒப்பிடப் போலிக் காலுறை கிடையாது. மான்ட்ரியாலைச் சேர்ந்த சூசன் கான் தலைமையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் 806 பேரிடம் நடந்த 'சாக்ஸ்' ஆய்வில் பாதிப் பேருக்கு நிஜக் காலுறை, பாதிப் பேருக்கு அச்சு அசலாக அதைப் போலவே இருந்தும் பயன் தரும் அளவுக்கு அழுத்தம் இல்லாத காலுறை. இரண்டில் எதுவும் வரலாம் என்று முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியதால் அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. 2014இல் வந்த முடிவு: அந்தப் பின்பாதிப்பு வந்தவர்கள் நிஜக் காலுறையில் 14.2 சதவீதம், போலியில் 12.7. பலர் ஒழுங்காக அணியவில்லை என்ற ஆட்சேபம் இன்றும் உண்டு, அது நியாயமானதே. ஆனாலும் வெயில்காலத்தில் அந்தக் காலுறையை இழுத்து மாட்டிப் பார்த்தவர்களுக்கு, பயனைச் சோதிக்காமல் இரண்டு ஆண்டு போடச் சொல்வது எவ்வளவு பெரிய சுமை என்று தெரியும்.

வேண்டுதலால் ஆறியதாகச் சொல்லப்படும் புண்ணும் உண்டு. இத்தாலியின் ஃபொர்லி நகரில் புனித பெரகிரீன் என்ற துறவி இருந்தார். இறந்தது 1345இல். முப்பது ஆண்டு உட்காராமல் நின்றே தவம் செய்தார், காலில் புண் முற்றியது, வெட்டி எடுக்க இருந்த நாளின் முந்தைய இரவு சிலுவை முன் மன்றாடியபோது புண் ஆறியது என்பது திருச்சபை மரபு. 1726இல் புனிதர் பட்டம் பெற்ற அவரிடம் கால் புண்ணுக்காக இன்றும் வேண்டிக்கொள்கிறார்கள். ஆய்வு இந்த நம்பிக்கைக்குப் பகை இல்லை. ஈவ்ராவில் காத்திருந்த குழுவிலேயே 24 வாரத்தில் 76.3 சதவீதம் பேருக்குப் புண் ஆறிவிட்டது. உடனே சிகிச்சை பெற்றவர்களில் 85.6. ஒருவரின் புண் ஆறியதை மட்டும் வைத்து எதனால் ஆறியது என்று யாராலும் சொல்ல முடியாது. நோயாளி சாமிக்கு நன்றி சொல்லலாம். 'என் கைராசி' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் மருத்துவருக்கு இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொட்டலத்தைப் பிரித்த பிறகு வந்த பூவுக்குக் கட்டுப்பட வேண்டும். பிடிக்கவில்லை என்று மறுபடி போடக் கூடாது. ஈவ்ராவில் காத்திருந்த பாதிப் பேர் பொறுத்த நாட்களால் பொட்டலம் பிரிந்துவிட்டது. அன்று அவர்கள் காத்திருந்ததற்குக் காரணம் எவருக்கும் விடை தெரியாதது. விடை தெரிந்த பிறகும் ஒருவரைக் காக்க வைப்பதற்கு அந்தக் காரணம் கிடையாது.

இரண்டு வாரத்தில் ஆறாத முழங்காலுக்குக் கீழான சிரைப்புண்ணை ரத்தக்குழாய் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் 2013இலேயே சொல்லிவிட்டது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படிப் புண்ணோடு ஒரு பெரியவர் இருந்தால், களிம்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ரத்தக்குழாய் மருத்துவரிடம் கூட்டிப்போய் ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.