கிணற்றருகே குழந்தை: இரக்கமும் பயிற்சியும்

கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் காணும் எவருடைய நெஞ்சும் பதறும் என்றும், அப்பதற்றமே மனித இயல்பின் நன்மைக்குச் சான்று என்றும் பண்டைச் சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் வாதிட்டார்; ஆயினும் அதனை அவர் அறத்தின் முளையாகக் கண்டாரேயன்றி முதிர்ச்சியாகக் கொள்ளவில்லை. குழந்தைகள் இருக்கும் நேரமெல்லாம் குழந்தை முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரேனும் காப்பகத்தில் இருக்க வேண்டும் என்றும், அச்சான்றிதழை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றும் இங்கிலாந்தின் விதிகள் கோருவதை இந்த வெளிச்சத்தில் நோக்கினால், அது வெறும் நிர்வாக ஏற்பாடாகத் தோன்றாது. எடுத்துக்காட்டாக, ஓராண்டு நிறையாத குழந்தையின் மூச்சுக்குழாயில் பொருள் சிக்கினால், முதுகில் 5 முறை வரை தட்டி, பயனில்லையேல் மார்பில் 5 முறை வரை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றை அழுத்தினால் உள்ளுறுப்புகள் சேதமடையக்கூடும். அன்பு மிக்க ஒருவரே அறியாமையால் ஊறு செய்துவிடலாம் என்பதுதான் கலங்கவைக்கிறது. கடமை என்பது இயலுமையை முன்கொள்கிறது என்ற, தத்துவஞானி காண்ட்டின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கொள்கையை, இயலாதவருக்குக் கடமையில்லை என்று சுருக்கிவிடுவது எளிது. ஆனால் பிறர் குழந்தையைப் பொறுப்பேற்பவர் அவ்வியலுமையைத் தேடிக்கொள்ளும் கடமையையும் உடன் ஏற்கிறார், கற்றது காலப்போக்கில் மறந்துபோவதால் புதுப்பித்தலும் அதனுள் அடங்கும்.