தாட்சண்யம்

என் அத்தையிடம் பித்தளை வெற்றிலைச் செல்லம் ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது; ஆனாலும் அவளைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கமாட்டார்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் கூடத்துத் தூணில் சாய்ந்து, காம்பு கிள்ளி, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவி, சீவலும் ஒரு துண்டுப் புகையிலையும் வைத்து இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். பிறகு எதைக் கேட்டாலும் "உம்" தான். புகையிலை தீர்ந்தால் கடைக்கு ஓடுகிறவன் நான். மிச்சக் காசு எனக்கு.

பல வருஷங்கள் கழித்து ஒரு நாள் அவள் வாய்விட்டுச் சிரித்தபோது, அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. சுண்ணாம்புக் கறை அல்ல. இப்படிப்பட்ட திட்டு புற்றுநோய்க்கு முன்னோடியாக இருக்கலாம் என்று நான் படித்திருந்தேன். "அத்தை, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. பெரியவளின் பழக்கத்தைப் பற்றிச் சின்னவன் பேசுவதாவது! அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புகையிலை உண்டா?" அத்தை தலை குனிந்தாள். வெல்லம் திருடி அகப்பட்ட குழந்தையின் முகம் அது. டாக்டர் கேட்டது காரணத்தை. அவள் காதில் விழுந்தது குற்றச்சாட்டு.

காரணமும் குற்றமும் ஒன்றா? 1775-ல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் வைத்தியர், புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதையும், அதற்குக் கரியே காரணம் என்பதையும் எழுதினார். சிறுபிள்ளைகளாக இருந்தபோதே புகைபோக்கிக்குள் ஏற்றிவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைக் குற்றவாளி என்று யாராவது சொல்வார்களா? அத்தை விஷயம் வேறு, அவளாகத்தானே போட்டுக்கொண்டாள் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கல்யாணப் பந்தலில் தட்டில் வைத்துத் தாம்பூலம் நீட்டியது யார்? புகையிலை வாங்கி வந்தது யார்? புகையிலை சேராத வெற்றிலைப் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட நூல் சொல்கிறது. மங்கலப் பொருளைப் பற்றி இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கேட்கப் பிடிக்கும்?

போட்டவர்களுக்கெல்லாம் வருவதில்லை, தொண்ணூறு வயதுவரை மென்ற தாத்தா ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அவரைச் சாட்சிக்கு இழுக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். என்னிடம் மிஞ்சியது வெற்றிலைச் செல்லம்.

போன மாதம் எங்கள் தெரு இஸ்திரிக்காரர், "மூணு வாரமா வாய்ப்புண் ஆறலே சார், காரம் ஒத்துக்கலே" என்றார். கன்னம் உப்பியிருந்தது. "ரெண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணை டாக்டர் பார்த்தே ஆகணும். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் கண்டால் குணப்படுத்துவது சுலபம், இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை" என்றேன்.

"பயமுறுத்தாதீங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு நாள் துணி மட்டும் வந்தது, பேச்சில்லை. ஐந்தாம் நாள், பெட்டியிலிருந்து கரியைத் தட்டிக்கொண்டே, பெரியாஸ்பத்திரியில் காலையில் எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள் என்று கேட்டார்.