வட்டிக்கு அஞ்சிய வங்கிகள்

ஊரே மீறும் மத விதிக்கு உயிர் உண்டா? இடைக்கால ஐரோப்பாவின் வட்டித் தடையைப் பற்றிப் பேசுவோர் பலரும் 'இல்லை' என்று முடித்துவிடுகிறார்கள். திருச்சபை தடுத்தது, வணிகர்கள் குறுக்கு வழி கண்டார்கள், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. அது பாதி உண்மை. தடை வெறும் பிரசங்கமாக நிற்கவில்லை. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், ஊரறிந்த வட்டிக்காரர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. 1311–12இல் வியென் பொதுச்சங்கம், வட்டி பாவமல்ல என்று சாதிப்பதையே தப்பறையாக்கியது. கடன் கொடுத்தவன் உழைக்கவில்லை, நட்டத்திலும் பங்கேற்கவில்லை. நாள் கழிவதற்கு மட்டும் கூலி கேட்கிறான். நாள் இறைவனுடையது, அதை விற்க இவன் யார் என்று இறையியலார் கேட்டார்கள்.

வணிகர்கள் இதற்குச் சொன்ன பதில்தான் மாற்றுச்சீட்டு. ஃபிளாரன்ஸில் ஒருவருக்குப் பணம் வேண்டும். வங்கி ஃபுளோரின் காசுகளைக் கொடுக்கும். வாங்கியவர், லண்டனில் உள்ள தன் ஆள் மூன்று மாதத் தவணையில் இன்ன தொகையை ஆங்கிலக் காசில் வங்கியின் முகவரிடம் கட்டவேண்டும் என்று சிறு தாளில் எழுதிக்கொடுப்பார். தாளில் வட்டி என்ற பேச்சே இராது. லாபம் மாற்று விகிதத்துக்குள் இருக்கும். லண்டனில் வந்த பணம் இன்னொரு சீட்டாக ஊர் திரும்பும்போது பெரும்பாலும் கூடியே வரும். எப்போதும் அல்ல, விகிதம் சரிந்தால் வங்கிக்குக் கைப்பிடித்தம்தான். அந்த நிச்சயமின்மையைக் காட்டித்தான் இது கடனல்ல, நாணய மாற்று என்று வாதாட முடிந்தது. 'நீ எதைப் பணயம் வைத்தாய்?' என்று விதி கேட்டது. வணிகம் தன்னை அந்தக் கேள்விக்கேற்ப வளைத்துக்கொண்டது. இன்னொரு நாணயம் புழங்கும் இன்னொரு ஊர் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. 1397இல் தொடங்கிய மெடிச்சி வங்கி வெனிஸ், புரூஜ், லண்டன் என்று கிளை விரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் பாசாங்கு என்பார்கள். சரக்கே நகராமல், சீட்டை மட்டும் போகவர விட்டு உள்ளூர்க் கடனை மறைத்த 'உலர் மாற்று'ம் நடந்தது உண்மைதான். ஆனால் 1571இல் போப் ஐந்தாம் பயஸ் கண்டித்தது அந்தப் போலியைத்தான். மெய்யான மாற்றை அல்ல. எது போலி என்று பிரித்தறிய விதிக்குத் தெரிந்திருந்தது. தவிர, செத்துப்போன விதிக்கு யாரும் பயப்படுவதில்லை. பிராத்தோ ஊர் வணிகர் ஃபிரான்செஸ்கோ தாத்தினி வங்கி தொடங்கியபோது, இனி ஊர் உங்களை வட்டிக்காரர் என்று பேசும் என நண்பர் ஒருவர் கடிதம் எழுதினார். 1410இல் இறந்தபோது தாத்தினி ஏறத்தாழ 70,000 ஃபுளோரினை ஏழைகளுக்கு விட்டுச்சென்றார். மெடிச்சி வங்கியின் தலைவர் கோசிமோ மெடிச்சி, மனச்சாட்சி உறுத்த, போப்பிடம் யோசனை கேட்டு சான் மார்கோ மடத்தைப் புதுப்பித்தார். வெறும் பாசாங்குக்காரன் இவ்வளவு செலவு செய்யமாட்டான்.

என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ளமுடியாத ஆட்சேபம் வேறு. மாற்றுச்சீட்டு பெருவணிகனுக்கே எட்டியது. விதைக்கும் மருந்துக்கும் கடன் தேடிய ஏழைக்கு லண்டனில் ஏது முகவர்? அவன் அடகுக் கடைக்குத்தான் போனான். 1437இல் ஃபிளாரன்ஸ், ஆண்டுக்கு 20 சதவீதம் வரை வாங்கலாம் என்று யூதர்களுக்கு அடகுத் தொழில் உரிமம் வழங்கியது. கிறிஸ்தவர் செய்யக்கூடாத பாவத்தை அடுத்த மதத்தாரைச் செய்யவைத்து, அதற்காகவே அவர்களை வெறுக்கவும் செய்த ஊர் அது. இந்தக் குற்றத்திலிருந்து வட்டித் தடையை விடுவிக்க முடியாது. பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் 1462இல் பெருஜியாவில் ஏழைகளுக்கான அடகு நிதியம் பிறந்தது. அது நிர்வாகச் செலவுக்காக வாங்கிய சிறுதொகையும் வட்டிதானே என்ற சண்டை அரை நூற்றாண்டு இழுத்தது. 1515இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் அந்தத் தொகை வட்டியாகாது என்று தீர்ப்பளித்தது. அப்போது போப்பாக இருந்த பத்தாம் லியோ, கோசிமோ மெடிச்சியின் கொள்ளுப்பேரன்.