தண்டம் கட்டுவோர் யார்?

குடித்தவன் அடிக்கின்றான், மன்றம் அவனுக்கு அபராதம் விதிக்கின்றது, அத்துடன் கணக்குத் தீர்ந்ததென உலகம் கருதுகின்றது. தாசேக் கெலுகோர்ப் பக்கத்தில் தோட்டக் கணக்கெழுதிப் பிழைக்கும் யான், அக்கணக்குத் தீரவில்லை என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சம்பள நாளிரவில் தொழிலாளி ஒருவன் குடிவெறியில் அயல்வீட்டானின் மண்டையை உடைத்தான். அடிபட்டவன் பதினைந்து நாள் வேலைக்கு வரவில்லை. அடித்தவன் காவலிலும் வழக்கிலும் ஒன்பது நாள் இழந்தான். செக்ரோலில் யான் எழுதியது இவ்வளவே. அபராதத்திற்காக அவன் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடை சென்றதும், மூத்த மகள் படிப்பை நிறுத்தித் தொழிற்சாலைக்குச் சென்றதும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. குடித்தவன் ஒருவன்; விலை கொடுத்தோர் குடியாதவர்.

“என் காசு, என் வாய்; உமக்கென்ன?” என்பாரும் உளர். காசு அவருடையதே ஆகுக. உடைந்த மண்டையும், இழந்த கூலியும், நின்ற படிப்பும் யாருடையவை? தன் இன்பத்தின் விலையைப் பிறர் தலையில் ஏற்றுவது உரிமையன்று. கேளாமல் வாங்கிய கடனாகும்.

அரசுகளும் இப்பழியினின்று நீங்கியவை அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பெற்றது. புண்ணை உண்டாக்கி, அதன் வருவாயில் மருந்து வாங்குவது நலமாகுமோ? நமக்கு வடக்கே கெடாவில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் 1947-ஆம் ஆண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தனர்.

மதுவை விலக்கினால் வருவாய் குறையுமே எனின், சென்னை மாகாணத்தைக் காண்க. இராஜகோபாலாச்சாரியார் அமைச்சரவை 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1939-இல் விற்பனை வரி விதித்து இழப்பை ஈடுசெய்ய முனைந்தது. அவ்வரி பலர் தோளில் வெளிப்படையாக ஏறிற்று. குடியின் வரியோ ஏழைப் பெண்ணின் கழுத்திலிருந்து மறைவாக இறங்குகின்றது.

சட்டம் ஒன்றே போதுமென யான் சொல்லேன். கடையை மூடினும் மறைவில் சாராயம் காய்ச்சுவோர் உளர். ஆயினும் தண்டனையேனும் குற்றவாளியின் மேல் விழவேண்டாவா? அபராதத்தைப் பணமாக வாங்காது, அவன் உடலுழைப்பாக வாங்கி, அதன் பயனை அடிபட்டவனுக்கும் குடும்பத்திற்கும் சேர்ப்பதே நேர்மை.

தோழர்களே, ஒன்றை மறையாது சொல்கின்றேன். தாலிக்கொடியை அடகு வைக்க வழி சொன்னவன் யானே. கணக்கன் எனும் முறையில் அன்று அது சரியெனவே தோன்றிற்று. சீட்டைக் கையில் வாங்கிய அவ்வம்மையார், “ஐயா, நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று கேட்டார். யான் விடை சொல்லவில்லை. அடுத்த சம்பள நாளில் புட்டியைத் திறக்குமுன், குடிப்போர் அதற்கு விடை சொல்லட்டும்.